ஒரே சுரங்கம் உள்ள ஊரில் ஒரு வாடகை வீடு

இன்று காலை பேச்சில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், வீடியோ காலில் ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்ட எங்கள் மகன்.

அங்கே ஒரு சின்ன ஊரில் மலிவாக வீடு வருகிறதாம். வாங்கி வாடகைக்கு விட்டால் மாதாமாதம் கையில் பணம் நிற்குமாம். அதற்காக இங்கே வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் எங்கள் லைன் வீடுகளை விற்க வேண்டும். நேற்றே கோயிலில் பூ வைத்துக் கேட்டோம். வெள்ளைப் பூ வந்து, வாங்கலாம் என்று உத்தரவாகிவிட்டது.

"அங்க குடி வர்றது யாரு கண்ணு?" என்றேன்.

"சுரங்கத்துல வேலை செய்யறவங்கம்மா. அந்த ஊருக்கே அது ஒண்ணுதான்."

இங்கே எங்கள் லைன் வீடுகளுக்கு எதிரே இருந்த பனியன் கம்பெனியை மூடியபோது எங்கள் எட்டு வீட்டில் ஐந்து காலியானது. பக்கத்தில் வேறு கம்பெனிகள் இருந்ததால்தான் மறுபடி ஆள் வந்தது.

"அந்தச் சுரங்கத்தை மூடிட்டா?"

வீட்டுக்காரர் சீறினார். "சாமியே உத்தரவு குடுத்திருச்சு. நீ அதுக்கும் மேலயா?"

"வாங்கலாமான்னுதானுங்க கேட்டோம். குடி வருவாங்களான்னு கேக்கவே இல்லீங்களே!"

மகன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. நாளைக் காலை லைன் வீடுகளை விற்க அட்வான்ஸ் வாங்கப் போகிறார்.

ஒரே காரியத்துக்கு இரண்டு முறை பூ கேட்கக் கூடாது. அதனால் இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன்: சுரங்கத்தை மூடினால் அங்கே குடி வர ஆள் இருக்குமா? அப்படிப்பட்ட ஊரில் இருந்தவர்கள் யாராவது இன்றைக்குள் பதில் சொல்லுங்கள்.