பண்டிகை நாளில் பை பார்ப்பவள்

ஊர் உள்ளே பூசை காணும்போது, வாசலில் நின்று அந்த ஊரின் கைப்பைகளைக் கிண்டுவது என் தொழில். பண்டிகை நாளில் காவல் வேலை பார்க்கிறவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு, புளியந்தீவில் ஒரு தேவாலய வாசலில் பெண்களின் பைகளைப் பார்க்க என்னைப் போட்டார்கள். நானும் ஞானஸ்நானம் பெற்றவள்தான். அது என்னைத் தவிர ஒருவருக்கும் ஞாபகமில்லை.

குருத்தோலை ஞாயிறு

பவனிக்குக் கொண்டுவரும் ஓலைக் கட்டுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது ஆலய சபைத் தலைவரின் கட்டளை. பிரித்தேன். வீட்டில் சிலுவையாகப் பின்னிக்கொண்டு வந்த ஓலைகூட என் கையில் அவிழ்ந்தது. வரிசை தெருமுனை வரை போனது. உள்ளே ஓசன்னா பாடியே முடித்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவிழ்ந்த ஓலையை வாங்கிக்கொண்டு சொன்னார்: “ஆண்டவர் இண்டைக்குக் கழுதையில வந்தாலும், நீ கழுதையச் செக் பண்ணிப்போட்டுத்தான் உள்ளுக்கு விடுவாய் போல.”

பெரிய வெள்ளி

சிலுவையை முத்தமிடும் நாள். கல்லடியிலிருந்து வரும் ஒரு தாய், நான் கேட்கும் முன்பே பையைத் திறந்து பிடிப்பார். உள்ளே செபமாலையும், சட்டம் போட்ட ஒரு பிள்ளையின் படமும் இருக்கும். அந்த ஞாயிறு புது உடுப்போடு போய்த் திரும்பாத பிள்ளை. அன்று அதைக் கண்டதும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு “போங்கம்மா” என்றேன். அவர் நகரவில்லை. “வடிவாப் பாருங்க பிள்ள. அண்டைக்கு ஆரும் பாக்கல்ல.”

பாலன் குடில்

காத்தான்குடி முஸ்லிம் பெண் பரீனாவும் நானும் முன்பு ஒரே தையல் கடையில் பக்கத்துப் பக்கத்து மெஷின். நத்தார்ப் பண்டிகை தோறும் பிள்ளைகளோடு தேவாலயத்தில் பாலன் பிறந்த குடில் பார்க்க வருவாள், எனக்கு வட்டிலப்ப இனிப்பும் கொண்டுவருவாள். குண்டுக்குப் பிறகு வரவில்லை. போன நத்தாருக்கு நான்தான் கெஞ்சிக் கூப்பிட்டேன்.

எல்லோருடைய பையையும் போல அவளுடையதையும் பார்த்தேன். சபைத் தலைவர் வந்து இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். “பாத்தாச்சு” என்றேன். அவரே பையிலிருந்த சட்டியின் மூடியைத் திறந்து, சட்டைப்பைப் பேனையால் வட்டிலப்பத்தைக் குத்திப் பார்த்தார். முன்னால் போன ஒருவருடைய கேக்கையும் அவர் குத்தவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரீனா பிள்ளைகளைத் திருப்பி நடத்திக்கொண்டு சொன்னாள்: “குடில நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க. நாங்க வாறம்.”

பெருநாள்

அதன்பிறகு அவள் போன் எடுக்கவில்லை. எனக்கு இந்த வேலையும் வேண்டும், அவளும் வேண்டும். நோன்புப் பெருநாளன்று, கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும் என்று கேக்கோடு அவள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கைப்பழக்கத்தில் என் பையின் சிப்பைத் திறந்து அவள் முன்னால் நீட்டிவிட்டேன். பரீனா பையைப் பார்த்தாள். பிறகு சிப்பை அவளே இழுத்து மூடினாள். “உள்ளுக்கு வாங்க. எங்கட ஊட்ட பை பாக்கிறல்ல.”

அதுவரை வந்த பண்டிகை அத்தனைக்கும் வாசல்வரை போன நான், உள்ளே போய் உட்கார்ந்து கொண்டாடியது அந்த ஒன்றைத்தான், அதுவும் எங்கள் வேதத்தில் இல்லாத பண்டிகை.