ரேடியோவில் வராத மெட்டு

நாம் ஒரு மெட்டை முனகினால் அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்துச் சொல்லும் வசதி இப்போது போனிலேயே இருக்கிறது. இன்று காலை ஆடுகோடி சிக்னலில் பேருந்து நின்றபோது ஐந்தாவது முறையாக முனகினேன். ஒரு சோப்பு விளம்பரத்தைக் காட்டியது. அதற்கு முந்தைய முறை யாரோ ஒருவரின் கன்னடத் தாலாட்டு. பக்கத்து சீட்டு அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். போனை வெளியே எறிந்துவிடலாம் போலிருந்தது.

ஈர ரெக்சின் சீட்டின் நாற்றம் மட்டும் மாறவே இல்லை. இதே நாற்றத்தில்தான் அந்தக் காலத்தில் கூட வேலை பார்த்த ஸ்டெல்லாவும் நானும் ஹெப்பகோடி கம்பெனி பஸ்ஸில் ஒரே இயர்போனைப் பங்கு போட்டோம். அவளுக்கு இடது காது, எனக்கு வலது. தினம் ஆளுக்கொரு புதுப் பாட்டு கொண்டுவர வேண்டும். பஸ் சில்க் போர்டு நெரிசலில் மாட்டினால் எங்களுக்குக் கொண்டாட்டம்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பேங்க் ஃபாரமோ மருந்துச் சீட்டோ, எது வந்தாலும் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. அதை ஒரு பெருமையாகவே சுமந்து திரிந்தேன். அவள் எந்தப் பாட்டைப் போட்டாலும், "இதுவா? கேட்டிருக்கேனே" என்பேன்.

ஒருநாள் இயர்போனில் கிளாரினெட் இசை ஒன்று வந்தது. தங்கவயலில் அவளுடைய அப்பா வாசித்தது. சுரங்கம் மூடிய பிறகு அவர் சாவு ஊர்வலங்களுக்கு வாசிக்கும் பேண்டில் இருந்தார்.

"பெட்டி தூக்கறவங்க கால் அவசரப்படக் கூடாதாம். அதுக்குன்னே இந்த மெட்டை மெதுவா கட்டினாராம். செத்தவருக்கு இன்னா கேக்கப்போவுது, நடக்கறவங்களுக்குத்தான்னு சொல்வாரு."

அந்த வயதில் சாவு எங்களுக்கு அடுத்த தெருவில் நடப்பது. நான் வழக்கம்போல் சொன்னேன்: "அவரு கட்டினதா? ரேடியோவுல கேட்டிருக்கேன்டி."

"ஹௌதா, அப்படியா?" என்று சிரித்தாள். "கள்ள அப்பன்! இந்த ஞாயித்துக்கிழமை பார்த்துக்கறேன்."

திங்கட்கிழமை வந்து சொன்னாள். கேட்டதும் அப்பா கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாராம். அதற்கு நானும் சிரித்தேன். இப்போது எழுதும்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். தன் அடக்கத்துக்கு அந்த மெட்டைத்தான் வாசிக்க வேண்டும் என்று பேண்டுக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தாராம். அவர்களில் யாருக்கும் அது தெரியவில்லை. அவள் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் அதை வாசித்ததே இல்லை. பதிவு இருந்த அவளுடைய பழைய போன் எப்போதோ மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பறிபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவிடமிருந்து செய்தி வந்தது: "ரேடியோவுல கேட்டேன்னியே, அது இன்னா பாட்டு? ஒரு வாட்டி கேக்கணும் போல இருக்கு."

மூன்று நாளாக நான் தேடியது பாட்டை அல்ல, என் பொய்க்கு ஒரு சாட்சியை. சோப்பு விளம்பரத்தோடு அதுவும் முடிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அவளைக் கூப்பிட்டேன்.

"ஸ்டெல்லா, நான் ரேடியோவுல எதுவும் கேக்கல. சும்மா சொன்னேன்."

அவள் பக்கம் குக்கர் விசிலடித்தது.

"அப்போ... அவரே கட்டினதுதானா?"

"தெரியாதுடி." எவ்வளவு சின்னச் சொல்!

"பாவி. எங்க அப்பாவைத் திருடன்னு சொல்ல வச்சுட்டியே." மூக்கை உறிஞ்சினாள். "சரி, உனக்கு எவ்ளோ ஞாபகம் இருக்கோ பாடு."

ஹோசூர் ரோட்டு இரைச்சலில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடினேன். கொஞ்ச நேரத்தில் அவளும் சேர்ந்துகொண்டாள். மெட்டு மேலே ஏறி, கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில் இருவரும் ஒன்றாக நின்றுபோனோம். அது எப்படி இறங்கும் என்று தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்.