ஒரு வாளி கடல்நீர்

அந்தக் கருவி உள்ளங்கை நீளம்தான் இருக்கும். ஒரு நுனியில் சாய்வான கண்ணாடி, மறு நுனியில் கண் வைத்துப் பார்க்கும் துவாரம். மீனின் இரத்தத்தைச் சிறு குழாயில் எடுத்துக் கையால் சுற்றும் யந்திரத்தில் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் நீரில் ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு, கருவியை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு எந்த அளவில் நிற்கிறதோ, அதுதான் இரத்தத்திலுள்ள புரதம். விடத்தல்தீவில் ஒரு வீட்டின் பின்பக்கம், கரையோரக் கண்டல் மரங்களைப் பார்த்தபடி நின்று, அந்தக் கோடு மேலே ஏறுவதைக் கண்டு நான் மனம் குளிர்ந்து போனேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சண்டை தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முந்திய காலம். மன்னார்க் கந்தோருக்குப் புதிதாக வந்த மீன்பிடி உத்தியோகத்தன் நான். பட்டம் வாங்கிய மிதப்பு இன்னும் இறங்கியிருக்கவில்லை. அந்த வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் கணவரை அத்தான் என்றேன். அத்தான் சங்கு குளிப்பவர். ஆழத்தில் மூச்சடக்கி மூச்சடக்கி ஒரு காது செவிடாகிவிட்டது. நாலடி நடந்தால் இளைத்தது. இனிக் கடலுக்குள் இறங்கினால் உயிரோடு ஏறுவது சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது. என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. கட்டுக்கரைக் குளத்து நன்னீர் மீனான திலாப்பியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புக்குப் பழக்கி, கரையோரக் கடலில் வலைக்கூடு அடித்து வளர்ப்பது. முழங்கால் தண்ணீரில் நின்று செய்யக்கூடிய வேலை. சங்குப் பருவம் தொடங்குமுன் மீன் கூட்டுக்குள் போய்விட்டால் அத்தான் ஆழக்கடலுக்குப் போகத் தேவையில்லை. அக்கா அந்தத் திட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பின்வளவில் சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டினோம். ஒவ்வொரு நாளும் இத்தனை வாளி நல்ல தண்ணீரை இறைத்து, இத்தனை வாளி கடல்நீரை ஊற்ற வேண்டும் என்று கடதாசியில் எழுதிக் கொடுத்திருந்தேன். அக்கா அந்தக் கடதாசியை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். நான் இரத்தம் எடுக்கப் போகும் நாட்களில் மீனை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வார். வாலடியில் ஊசி ஏறும்போது தனக்குக் குத்துவதுபோல் முகத்தைத் திருப்பி, சிலுவை போட்டுக்கொள்வார். நான் கேலி செய்வேன். அத்தான் தூரத்தில் கதிரையில் இருந்து, நல்ல காதை எங்கள் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் சிரித்து நான் கண்டது அந்தச் சில வாரங்களில் மட்டும்தான்.

தண்ணீரில் உப்பு ஏற ஏற, கோடும் ஏறியது. புரதம் கூடுகிறது என்றால் மீன் தேறுகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் என் படிப்புக்கு இழுக்கு என்று நினைத்த வயது. அக்காதான் ஒரு நாள் மெல்லச் சொன்னார். “தம்பி, மீனுக்குக் கண் உள்ளுக்குப் போறமாதிரிக் கிடக்கு. முதுகும் ஒட்டிப்போச்சு.” நான் கருவியை அவர் கண்ணில் வைத்துக் கோட்டைக் காட்டினேன். இரத்தத்தில் சத்துக் கூடுகிறது, கண்ணுக்குத் தெரிவதை நம்ப வேண்டாம் என்று விளக்கினேன். படித்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா என்று அவர் விட்டுவிட்டார். சங்குப் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மீன்தான் தேறிவிட்டதே என்று, இன்னும் பதினைந்து நாளில் செய்ய வேண்டியதை எட்டு நாளாகக் குறுக்கிப் புதிய கடதாசி எழுதிக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை நான் போனபோது தொட்டி முழுக்க மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அத்தான் தொட்டிக்கட்டைப் பிடித்தபடி நின்றார். அக்கா என் முகத்தையே பார்த்தார். அழவில்லை.

“தம்பி, நேற்று எண்ணிக்கை பிசகி கடல்தண்ணி ஒரு வாளி கூடுதலா ஊத்திப்போட்டன். அதாலயோ?”

அவ்வளவு பெரிய தொட்டியில் ஒரு வாளி எதையும் செய்யாது என்பது எனக்குத் தெரியும். ஏன் செத்தன என்பது தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“இருக்கலாம் அக்கா,” என்றேன்.

அத்தானின் நல்ல காது என் பக்கம் இருந்தது.

அடுத்த வருடம் என்னை மலைநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்து ஓடைகளில் விட்ட ட்ரவுட் மீனை அங்கே முதல்முதலாகக் கண்டேன். அதன் சொந்த நாட்டில் அது ஆற்றிலிருந்து கடலுக்குப் போவதுண்டு என்று பாடம் நடத்தியவர் சொன்னார். கடலுக்குள் போன புதிதில் அதன் இரத்தத்தில் புரதம் கூடியதாகத் தெரியும். உண்மையில் எதுவும் கூடுவதில்லை, உப்பு உடம்பிலுள்ள நீரை வெளியே இழுக்க இரத்தம் தடித்துப்போகிறது, அளவு பழையபடி இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனார். எனக்கு அதன்பிறகு எதுவும் ஏறவில்லை. என் மீன்கள் தண்ணீருக்குள் கிடந்து தாகத்தில் செத்திருக்கின்றன. அதை நான் ஒவ்வொரு முறையும் அளந்து, நல்லது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மன்னாருக்குத் திரும்பிய அன்றே, அத்தான் சங்கு குளிக்கப் போய் மூன்று கிழமைக்கு முன் இறந்துபோன செய்தியைக் கந்தோரில் சொன்னார்கள். செத்தவீட்டுக்குப் பிந்திப் போனவனாக அந்த வீட்டில் போய் இருந்தேன். அக்கா கறுப்புச் சீலையில் இருந்தார். சொல்லத்தான் போனேன். கோப்பி தந்தார், குடித்தேன், எழும்பி வந்துவிட்டேன்.

பிறகு சண்டை வந்தது. ஊர் இடம்பெயர்ந்தது. அக்கா மடுக் கோயிலடி முகாமுக்குப் போனார், படகேறி இந்தியாவுக்குப் போனார் என்று எப்போதாவது கேள்விப்படுவேன். தேடியிருக்கலாம். தேடவில்லை. உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பிறகு, போன வருடம்தான், வெள்ளாங்குளத்தில் தன் அண்ணன் மகன் வீட்டில் இருக்கிறார் என்று அறிந்து பஸ் ஏறினேன். வேலியோரம் இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். இந்த முறை நான் எதையும் மறைக்கவில்லை. கோடு ஏறியதன் அர்த்தம், நான் நாளைக் குறுக்கியது, ஒரு வாளியால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் என் பாரம் குறையும் என்று நினைத்தேன் போலும். அவருடைய பாரத்தைப் பற்றி நான் யோசித்ததாக நினைவில்லை.

அவர் கை நின்றுவிட்டது.

“அப்ப நான் கொல்லேல்லையோ?”

“இல்லை அக்கா.”

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“மீன் செத்த அண்டையில இருந்து அவர் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லைத் தம்பி. கடலுக்குப் போன அண்டும் கதைக்கேல்லை. நான் வாசல்ல நிண்டனான். திரும்பியும் பாக்கேல்லை.” மடியிலிருந்த இலையைத் தட்டிவிட்டார். “இனி அவரிட்ட ஆர் போய்ச் சொல்லுறது?”