முடிச்சு விழுந்த இடம்

ஆய்வகத்தில் அவரை எல்லோரும் 'ரிப்பன் அண்ணன்' என்பார்கள். உருகிய இரும்புக் கலவையை வேகமாகச் சுழலும் செப்புச் சக்கரத்தின் மேல் பீய்ச்சி, மெல்லிய நாடாவாக எடுப்பது முப்பத்தொரு வருடம் அவர் வேலை. கண் இமைப்பதற்குள் உலோகம் குளிர்ந்துவிட்டால், அணுக்கள் வரிசைகட்ட நேரமின்றி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அதுதான் உலோகக் கண்ணாடி. கொஞ்சம் தாமதித்தால் படிகம், மடித்தால் முறியும்.

"பொண்ணு தலைக்கு ரிப்பன் கேட்டா மறந்துட்டு வர்றாரு. அங்க போய் கிலோமீட்டர் கணக்குல ரீல் சுத்துறாரு" என்று அம்மா இடித்துக்காட்டுவாள்.

ரிப்பன் கேட்ட அந்தப் பெண் இப்போது அதே கட்டடத்தின் மாடியில் மின்தடை அளக்கிறாள். அப்பா இறந்து பத்தொன்பது நாள்.

துறைத்தலைவர் அவருடைய கடைசிச் சுருளோடு வந்தார். வெளிநுனியை மடித்தார். பட்டென்று முறிந்தது.

"பாத்தியாம்மா? அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பிச்ச நேரம். மொத்தத்தையும் உருக்கிடலாம்."

"ஒரு நாள் குடுங்க சார். அளந்துட்டுச் சொல்றேன்."

அப்பாவின் கடைசி வேலை வீணா, இல்லையா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

படிகத்தில் எலக்ட்ரானுக்கு நேர்வழி, தடை குறைவு. கண்ணாடியில் அடிக்கு அடி இடிபட்டுத்தான் போகவேண்டும், தடை அதிகம். சூடேற்றினாலும் பெரிதாக மாறாது. ஏற்கெனவே இடிபட்டுக்கொண்டு போகிறவனுக்குக் கூடுதல் நெரிசல் உறைக்காது.

முதல் பத்து சென்டிமீட்டரில் தடை குறைவு. அடுத்ததிலும் குறைவு. ஒரு மீட்டர் வரை அப்படியே. எண்களை எழுதிக்கொண்டே போனாள். ஒன்றரை மீட்டரில் விரலில் ஏதோ நெருடியது. சின்ன முடிச்சு.

முறிகிற நாடாவில் முடிச்சு விழாது.

முடிச்சைத் தாண்டி அளந்தாள். தடை எகிறியது. அங்கிருந்து சுருளின் அடிவரை அதே எண்.

வெளிநுனி கடைசியாக வந்த நாடா. அதற்குள் சக்கரம் சூடேறி, உலோகம் தாமதமாகக் குளிர்ந்திருக்கும். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நுனியிலிருந்து லேசாக வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டே வந்து, முறியாமல் மடியும் இடம் தொடங்கியதும் அங்கே முடிச்சுப் போட்டு விட்டிருக்கிறார். நடுங்குகிற கையோடு.

"முடிச்சுக்கு வெளிய இருக்கறது கழிவு சார். உள்ள அறுபது மீட்டர் நல்ல கண்ணாடி."

தலைவர் உட்பக்கத்தை மடித்தார். மடிந்தது, முறியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே மனுஷன்!"

"சொல்லித்தான் வச்சிருக்காரு சார்."

அவள் கத்தரியை எடுத்தாள். முடிச்சு சுருளோடு இருக்கும்படி, ஒரு விரற்கடை வெளியே தள்ளி வெட்டினாள்.