கஞ்சி போட்ட கேமரா

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த என் மச்சான், இரண்டு நாள் திருப்பதிக்குப் போகும்போது தன் கேமராவை எங்கள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். "மாமா, வேற எத வேணா எடுத்துக்கோங்க. இத மட்டும் தொடாதீங்க" என்றான். என் சொந்த வீட்டில் வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள எனக்கு அனுமதி கிடைத்தது அன்றுதான்.

அவன் போன பஸ் ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருக்காது, கேமரா என் கழுத்துக்கு வந்துவிட்டது. சைக்கிளில் தென்னேரி ஏரி வரைக்கும் போனேன். படம் எடுக்கத் தெரியாது. கேமரா வைத்திருக்கும் ஆளை நாலு பேர் பார்க்கட்டுமே என்றுதான். வரும்போது கழுத்து வலித்தது, கேரியரில் கட்டினேன். சித்திரை வெயில், ஐயம்பேட்டை ரோட்டுப் பள்ளம், இரண்டும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன.

வீட்டுக்கு வந்து கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரே இருட்டு. ஆட்டினால் உள்ளே ஏதோ உருண்டது.

மச்சான் செய்ததைப் பார்த்திருந்ததால் லென்ஸைத் திருகிக் கழற்றினேன். எதிரில் இருப்பதை நம் கண்ணுக்குக் காட்ட உள்ளே சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. அது பசை இளகிக் கழன்று கிடந்தது. பரம்பரை சைவனான நான் அன்று பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதரைக் கும்பிட்ட கையோடு, சைக்கிளை மிதித்துச் சின்ன காஞ்சிபுரம் போய் வரதராஜப் பெருமாளிடமும் மனு கொடுத்தேன். யார் செக்‌ஷனில் கேமரா வருகிறதோ, யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலையில், தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டோம். அத்தனை ஆயிரம் பட்டு இழையையும் விறைப்பாக நிற்க வைக்கிற கஞ்சி ஒரு துண்டுக் கண்ணாடியை நிற்க வைக்காதா? நெசவுக்காரன் மூளை அப்படித்தான் போகும். மிச்சக் கஞ்சி இருந்த தொட்டாங்குச்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினேன். புடவையில் பிசிறு எடுக்கிற சாமணத்தால் கண்ணாடியைப் பிடித்தேன். கிட்டக் குனிந்து பார்த்ததில் கஞ்சி முதலில் என் மீசைக்குத்தான் போட்டாயிற்று, அப்புறம்தான் கண்ணாடியின் முதுகுக்கு.

கதவுக்கு வெளியே என் மனைவி. "ஏங்க, கஞ்சி இருந்த தொட்டாங்குச்சி எங்க?"

"குடிச்சிட்டேன்."

"பாவுக்குக் கலக்கின கஞ்சியவா?"

"பசிச்சுது!"

அன்று மத்தியானம் எனக்கு இரண்டு பங்கு சோறு விழுந்தது. பாவம், ஆள் காய்ந்து கிடக்கிறான் என்று நினைத்துவிட்டாள்.

சாயங்காலம் மச்சான் மொட்டைத் தலையோடு வந்தான். ஒட்டிய கண்ணாடி விறைப்பாக நின்றது. நான் லட்டைத் தின்றபடி நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் அவன், "அக்கா, மாமா, ரெண்டு பேரும் வாசல்ல நில்லுங்க, ஒரு படம்" என்று கேமராவைக் கண்ணில் வைத்தான்.

"அக்கா, இன்னா மூக்கு மேல எறும்ப வுட்டுக்கினு நிக்கிற?"

அவள் பளாரென்று தன் மூக்கில் ஓர் அடி. கிளிக்.

"இப்ப மாமா நெத்தியில ஏறுதுபா… இன்னொண்ணு வருது… இன்னாது, ஊர்வலமா?" கேமராவைத் திருப்பி முகர்ந்தான். "மாமா, உள்ள கஞ்சி வாசன அடிக்குது."

"தெருவுல பாவு போட்டோம் இல்ல, அந்தக் காத்து" என்றேன்.

என் மனைவி மூக்கைத் தடவிக்கொண்டே மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அப்போ நீங்க குடிக்கலியா?"

அத்தனையும் கக்கினேன். மச்சான் முகம் இறுகியது. லென்ஸைக் கழற்றி விரலால் கண்ணாடியை அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. எறும்புகளை ஊதி விரட்டினான். "தொடாதீங்கன்னேன். தொட்டதோட வுட்டீங்களா, சாப்பாடு வேற போட்டு வெச்சிருக்கீங்க" என்று சிரித்துவிட்டான். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

இரண்டு மாதம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து படம் வந்தது. படம் பிடிக்கிற நொடியில் அந்தக் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளுமாம், அதன் வழியாகத் தெரிந்த எறும்பெல்லாம் படத்தில் விழாதாம், எழுதியிருந்தான். எறும்பு இல்லை. நான் ஜம்மென்று நிற்கிறேன். பக்கத்தில் ஒருத்தி காரணமே இல்லாமல் தன் மூக்கை அடித்துக்கொள்கிறாள்.

கூடத்தில் மாட்டலாம் என்றேன். "மாட்டுங்க" என்றாள். "யாராச்சும் கேட்டா, நானே முழுசா சொல்றேன்."

படம் இன்றைக்கும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.