சிகப்பி ஒட்டிய சீமைக் காகிதம்

நம்புகிறவர்கள் நம்பட்டும். மற்றவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கட்டும். இது நடந்தது. ரங்கூனுக்குக் கப்பல் போய்வந்துகொண்டிருந்த காலத்தில், காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் கடைசிக் கட்டான மூன்றாம் கட்டில் நடந்தது. நடுச்சாமத்தில் இல்லை, பட்டப்பகலில், உச்சி வெயிலில். அனுபவித்தவள் பெயர் சிகப்பி. யார் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், அவள் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஒரே மாதிரிதான் சொன்னாள்.

சிகப்பியின் கணவன் சாத்தப்பன் ரங்கூனில் காய்ச்சல் கண்டு இறந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. பிள்ளை இல்லை. சில மாதம் கழித்து அவன் சாமான்கள் கப்பலில் வந்தன. இரும்புப் பெட்டியின் அடியில், மெழுகுத்துணியில் சுற்றிய காகிதச் சுருள்கள். பிரித்துப் பார்த்தால் சந்தன நிறத் தாளில் பச்சைக் கொடி, கொடிக்கு நடுவே நீலக் குருவிகள். சுவரில் ஒட்டுகிற சீமைக் காகிதம். ரங்கூனில் ஒரு துரை வீட்டில் பார்த்ததிலிருந்து சாத்தப்பனுக்கு அதன்மேல் ஒரே ஆசை. ஊருக்கு வந்ததும் நம் அறை முழுக்க ஒட்டிவிட வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தான்.

ஆனால் அந்த அறை இப்போது அவளுடையது இல்லை. கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. புதுப்பெண்ணுக்கு அந்த அறை வேண்டும் என்று மாமியார் உமையாள் ஆச்சி சிகப்பியை மூன்றாம் கட்டுக்கு அனுப்பினாள். சமையற்கட்டுக்கும் பின்னால், கிணற்றை ஒட்டி ஒற்றை அறை. கூரையருகில் கையகலத்துக்கு ஒரு சன்னல். கனத்த தேக்குக் கதவு.

"உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லையே, அயித்தை?"

"உனக்கு எதுக்குத் தாழ்ப்பாள்?" என்றாள் உமையாள் ஆச்சி.

கதவின் வெளிப்பக்கத்தில் மட்டும் இரும்பு நாதாங்கி இருந்தது. பூட்டுப் போடுகிற வளையத்தோடு.

சிகப்பி அன்றே பாயையும் பெட்டியையும் அங்கே கொண்டுபோனாள். மறுநாள் காலையில் வேலைக்காரி ராக்காயியைக் கூப்பிட்டுப் பச்சரிசி மாவில் ஒரு சட்டிப் பசை காய்ச்சச் சொன்னாள். பசை வாசம் பிடித்து மாமியார் வந்துவிட்டாள்.

"வெள்ளைச் சீலை கட்டினவ அறையில பூவும் குருவியுமா? ஊரு என்ன பேசும்?"

"தாலி அறுத்தது நான், அயித்தை. சுவரா அறுத்துச்சு?"

அந்த வீட்டில் அதுவரை யாரும் உமையாள் ஆச்சியிடம் அப்படிப் பேசியதில்லை. திட்டுவாள் என்று ராக்காயி எதிர்பார்த்தாள். ஆச்சி திட்டவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சுவத்துல கீழ்ப்பாதியில மட்டும் ஒட்டாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏன் என்று சொல்லவில்லை.

சுவரைத் துடைக்கும்போதுதான் ராக்காயி கவனித்துச் சிகப்பியிடம் காட்டினாள். "இங்க பாருங்க ஆச்சி. மேல ஒரு வெள்ளை, கீழ ஒரு வெள்ளையா இருக்கு."

உண்மைதான். அந்த வீட்டுச் சுவர்கள் எல்லாம் முட்டைத்தோல் மாதிரி வழவழவென்று இருக்கும். இங்கே மேல்பாதி அப்படி இருந்தது. கீழ்ப்பாதி சொரசொரவென்று, பின்னால் யாரோ அவசரமாகப் பூசியது போல. உட்கார்ந்திருக்கும் ஆள் கையை உயர்த்தினால் எட்டுமே, அந்த உயரம் வரைக்கும். நான்கு சுவரிலும்.

ஓதம் ஏறியிருக்கும், மறுபூச்சுப் பூசியிருப்பார்கள் என்று சிகப்பி நினைத்துக்கொண்டாள். மேலிருந்து தரை வரை ஒட்டினாள். பொழுது சாயும்போது அறையே மாறிப்போயிருந்தது. கொடியும் குருவியுமாக ஒரு தோப்பு. சாத்தப்பன் இறந்த பிறகு அன்றுதான் முதல்முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் மதியம். வீடு உண்டு களைத்துத் தூங்கும் நேரம். சிகப்பி பாயில் படுத்திருந்தாள்.

சர்ர்ர்…

தலைமாட்டில் சத்தம். திரும்பினாள். சுவரின் கீழ்ப்பாதியில் ஒரு தாள் ஓரத்தில் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. சொரசொரப்பான பூச்சு, பசை பிடிக்கவில்லை போலும். மறுபடி ஒட்டுவதற்காகத் தாளைத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் பசையே இல்லை. துளிகூட. தாள் மட்டும் ஈரமாக இருந்தது.

மூலையில் மூடி வைத்திருந்த பசைச் சட்டியைப் பார்த்தாள். மூடி ஒரு பக்கம் கிடந்தது. சட்டி கழுவியதுபோல் இருந்தது.

"எலி" என்றாள் ராக்காயி. "துத்தத்தைக் கலந்து ஒட்டுவோம் ஆச்சி. தின்னுட்டுச் சாகட்டும்."

மயில்துத்தம் கலந்து புதுப்பசை காய்ச்சினார்கள். பசை நீலம் பாரித்தது. ஒட்டினார்கள். அடுத்த நாள் மதியம் இருவரும் அந்த அறையிலேயே காத்திருந்தார்கள்.

சர்ர்ர்… என்று தாள் பிரிந்தது. அவர்கள் கண்ணெதிரே. எலி இல்லை. எதுவும் இல்லை. தாளின் ஓரம் தானாக விரிந்து, மடங்கி, நின்றது.



பிறகு சுவரோரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. வெறும் வயிறு குமட்டி ஓங்கரிக்கிற சத்தம். ஒரு பெண்ணின் ஓங்கரிப்பு.

ராக்காயி எழுந்து ஓடினவள்தான். அப்புறம் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

சிகப்பி எழுந்து போகவில்லை. போனால் எங்கே போவது? இருந்த அறையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இருப்பது இது ஒன்றுதான். இதையும் விட்டுவிட்டுச் சமையற்கட்டு மூலையில் சுருண்டுகொள்வதா?

சுவரைப் பார்த்து உரக்கவே சொன்னாள். "நீ யாரா வேணா இரு. இது என் அறை. நான் போக மாட்டேன்."



அன்று அவளே துத்தம் இல்லாமல் பசை காய்ச்சினாள். பிரிந்ததை ஒட்டிவிட்டு, மிச்சப் பசையைச் சட்டியோடு சுவரோரம் வைத்தாள். மறுநாள் சட்டி காலி. தாள் ஒட்டியபடியே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் பசை வைக்கவில்லை. சோறு வைத்தாள். விதவைக்கு ஒருவேளைச் சாப்பாடு என்பது அந்த வீட்டு வழக்கம். அந்த ஒருவேளையில் ஒரு பிடி எடுத்து இலைத்துண்டில் சுவரோரம் வைப்பாள். பொழுது சாய்வதற்குள் இலை துடைத்தாற்போல் ஆகிவிடும். பத்தவில்லை என்று சமையற்காரரிடம் சண்டை போட்டு இன்னொரு கரண்டி வாங்கினாள். உமையாள் ஆச்சி அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கல்யாண நாள் வந்தது. பெண்வீடு ஆத்தங்குடி. விடியும்போதே வண்டிகள் வாசலில் நின்றன. வீடே கிளம்பியது. மாமியார் மூன்றாம் கட்டுக்கு வந்தாள்.

"வண்டி தெருமுனை தாண்டுற வரைக்கும் உள்ளேயே இரு, சிகப்பி. மாப்பிள்ளை கண்ணுல பட்டுறாதே."

"வரமாட்டேன். கதவைச் சாத்திக்கிறேன்."

"நான் சாத்துறேன்."

கதவு மூடியது. நாதாங்கி விழுந்தது. பூட்டின் சத்தமும் கேட்டது.

"அயித்தை! எதுக்குப் பூட்டுறீக?"

"வாசக்காவல்காரன்கிட்ட சாவியைக் குடுத்துட்டுப் போறேன். வண்டி போனதும் வந்து தொறப்பான்."

மேளம் கேட்டது. வண்டி மாடுகளின் மணிச் சத்தம் கேட்டது. மெல்லத் தேய்ந்து நின்றது.

யாரும் வரவில்லை.

கதவைத் தட்டினாள். கத்தினாள். மூன்று கட்டு தாண்டி வாசல். யாருக்குக் கேட்கும்? வெயில் ஏறியது. உள்ளே தண்ணீர் இல்லை. நேற்றிரவு வைத்த செம்பும் காலி.

அப்போதுதான் நினைவு வந்தது.

இன்றைக்குச் சோறு வைக்கவில்லை.

சன்னலிலிருந்து விழுந்த வெயில் துண்டு தரையில் நகர்ந்து நகர்ந்து… நடு அறைக்கு வந்தது. உச்சிப் பொழுது.

சர்ர்ர்…

வலப்பக்கச் சுவர்.

சர்ர்ர்… சர்ர்ர்…

இடப்பக்கம். எதிரே. முதுகுக்குப் பின்னால்.

சுவர்களின் கீழ்ப்பாதி முழுக்கத் தாள்கள் பிரிந்தன. குருவிகள் கிழிந்து தொங்கின. ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் நாக்கு உரசுகிற சத்தம்.

பிறகு அதுவும் நின்றது.

பசை தீர்ந்துவிட்டது.

சிகப்பி அறை நடுவில் நின்றாள். இனி அந்த அறையில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

பின்கழுத்தில் மூச்சு பட்டது.

சில்லென்று…

சுண்ணாம்பு வாசம்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தொண்டை கிழியக் கத்தினாள்.

"என்கிட்ட ஒண்ணுமில்ல! நானும் பட்டினிதான்! என்னையும் பூட்டித்தான் போட்டிருக்காக! என்னைத் தின்னா உனக்கு என்ன கிடைக்கும்? ஏலுமுன்னா அந்தக் கதவைத் தின்னு!"

மூச்சு விலகியது.



பிறகு…

கறக்.

கதவுப் பக்கம்.

கறக்… கறக்…

கதவோரத்து இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

கறக்… கறக்… கறக்…

டணார்!

வெளியே கல்தரையில் இரும்பு விழுந்தது. கதவு ஒரு சாண் திறந்து நின்றது.

சிகப்பி ஓடவில்லை. தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு நடந்தாள். கிணற்றடியில் நீர் இறைத்துக் குடித்தாள். அடுப்படியில் மீந்திருந்த பழையதைக் கரைத்து, ஒரு சட்டியை அந்த அறை வாசலில் வைத்துவிட்டு மற்றதைத் தான் குடித்தாள். பிறகு முன்கட்டுக்குப் போய், விதவை நிற்கக்கூடாத தலைவாசலைத் திறந்து, நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் இருந்த காவல்காரன் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தான்.

"சாவி குடுத்தாகளா உன்கிட்ட?"

"எந்தச் சாவி ஆச்சி? யாரும் ஒண்ணும் குடுக்கலையே."

மறுநாள் மாலை கல்யாண வண்டிகள் திரும்பின. மணமக்கள் இறங்கியதும் முதலில் பார்த்தது வெள்ளைச் சேலையில் நிலைப்படியில் உட்கார்ந்திருந்த சிகப்பியைத்தான். கூட்டம் முணுமுணுத்தது. புதுப்பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே, "உள்ள வரலாமா ஆச்சி?" என்று கேட்டாள்.

"வா தாயீ" என்று எழுந்து வழிவிட்டாள் சிகப்பி.

உமையாள் ஆச்சி மட்டும் வண்டிக்கருகிலேயே நின்றாள். கை தானாக இடுப்புக்குப் போயிற்று. சாவி அங்கேதான் இருந்தது. மூன்றாம் கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். பூட்டு பூட்டியபடியே, நாதாங்கியோடு சேர்ந்து, தரையில் கிடந்தது. ஆணி துருப்பிடித்திருக்கும் என்றான் கொழுந்தன்.

ஆச்சி அறைக்குள் போகவில்லை. வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்குத் தொறந்துருச்சு" என்றாள். "அழகம்மைக்குத் தொறக்கலை."

"யாரு அழகம்மை?"

"உன் மாமனாரோட அக்கா. உன்னை மாதிரிதான், சின்ன வயசுலயே அறுத்தவ. எங்க கல்யாணத்தன்னைக்கு இதே மாதிரி உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்துட்டாக. சாவி கல்யாண வீட்டுக்கே வந்துருச்சு. அப்பெல்லாம் கல்யாணம் ஒரு வாரம். ஒருத்தருக்கும் நெனப்பு இல்லை. நான் மணப்பொண்ணா இந்த வீட்டுல கால்வச்ச அன்னைக்குத்தான் அந்தக் கதவைத் தொறந்தாக." ஆச்சி உள்சுவரைக் கை காட்டினாள். "கைக்கு எட்டுற மட்டும் சுவத்துச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னுருந்தா, சிகப்பி. வாயெல்லாம் வெள்ளை."

"தெரிஞ்சுமா என்னைப் பூட்டுனீக?"

"சாவியைக் குடுக்கணும்னுதான் இருந்தேன். மறந்துட்டேன்… சத்தியமா மறந்துட்டேன்."

சிகப்பி கதவின்மேல் கைவைத்தாள். "இனி இந்த அறைக்குக் கதவு கிடையாது" என்றாள்.

விடிந்ததும் தச்சன் வீரணன் வந்து கதவைக் கழற்றி, முற்றத்து வெயிலில் உள்பக்கம் மேலாகக் கிடத்தினான். அவன் கை சட்டென்று நின்றது.

"ஆச்சி… இங்க வந்து பாருங்க."

நாதாங்கியின் ஆணிகள் ஊடுருவி வந்த இடத்தைச் சுற்றி, மரம் குடைந்திருந்தது. வீரணன் உளியால் சாயத்தைச் சுரண்டினான். சாயத்துக்கு அடியிலும் குழி. எந்தக் காலத்திலோ குடைந்ததை, பிறகு மெழுகு வைத்து அடைத்துச் சாயம் அடித்திருக்கிறார்கள். அத்தனையும் பல் தடம். மேல்வரிசை, கீழ்வரிசை. மனுசப் பல்.

கொஞ்சம்தான் பாக்கி இருந்திருக்கிறது. ஒரு விரற்கடை. அன்றைக்கு அந்த ஒரு விரற்கடையையும் கடித்திருந்தால் ஆணி கழன்றிருக்கும். அழகம்மை பிழைத்திருப்பாள்.

அந்த ஒரு விரற்கடை இப்போது இல்லை.

அங்கே மட்டும் தடங்கள் சாயத்துக்கு மேலே இருந்தன. தேக்கு புதுசாக, மஞ்சளாகத் தெரிந்தது. வீரணன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

ஈரம் காயவில்லை.