திங்கட்கிழமை ஒரு ரிங்

வேலுச்சாமி மாமா எங்கள் கட்டிடத்தின் நாத்தூர். வளைகுடாவில், இந்த அல் குசைஸில் வாட்ச்மேனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாட்ச் பண்ணுவது மட்டும் அவர் வேலை இல்லை. தண்ணீர் மோட்டார் போடுவது, கார் கழுவுவது, குப்பை இறக்குவது, லிஃப்டில் எல்லாப் பட்டனையும் அமுக்கிவிட்டு ஓடுகிறவனைப் பிடிப்பது எல்லாமே அவர்தான். அந்தக் கடைசி வேலையில் மட்டும் நாலு வருஷமாகத் தோல்வி. எனக்கும் அதில் சம்பந்தம் இருப்பதால் மேலே சொல்லவில்லை.

சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். ஐம்பத்திரண்டு வயது. இங்கே வந்து பதினாறு வருஷம் ஆகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி பாலகுருவைப் படிக்க வைத்தார். தம்பி படித்தான். படித்துவிட்டு, ஒரு ஏஜெண்டை நம்பிக் காடு, ஆறு எல்லாம் தாண்டி, பேப்பர் எதுவும் இல்லாமல் அமெரிக்காவுக்குள் போய்விட்டான். கிளம்பும் முன் மாமா போனில் சொன்னது ஒன்றுதான்.

“போறதுனா போ. என் மூஞ்சில முழிக்காத.”

அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம். ஆனால் திங்கட்கிழமை மத்தியானம் ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு ரிங் வரும். ஒன்றே ஒன்று. இந்த ஊரில் வாட்ஸ்அப் பேச்சுக்குத் தடை, காலை எடுத்தாலும் குரல் கேட்காது. இரண்டு பேருக்கும் அது வசதி. தம்பி ரிங் விட்டால் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று அர்த்தம். மாமா திரையைப் பார்த்து “ம்” என்பார். அண்ணன் தம்பி உறவு வாரத்துக்கு ஒரு ‘ம்’.

போன நவம்பர் முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை. ரிங் வந்தது இரண்டு பத்துக்கு. “ம்” முடிந்தது. நாலு மணிக்குக் கீழே பக்காலா, அதாவது மளிகைக் கடை, வைத்திருக்கும் ஹஸ்னைன் பாய் போனோடு ஓடி வந்தார்.

“வேலு பாய், உன் தம்பி இருக்கிற ஊர்தானே இது?”

ஊர் பெயரை எழுத மாட்டேன். பாலகுருவுக்குப் பேப்பர் இல்லை. செய்தி இதுதான்: ஒருவன் துப்பாக்கியோடு விடியாத நேரத்தில் நகரத்துக்குள் புறப்பட்டிருக்கிறான். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர், துணி துவைக்கிற கடையில் மூன்று பேர். அப்புறம் காரை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சின்ன ஊருக்குப் போய், ஒரு பெட்ரோல் பங்க் கடையில் இரண்டு பேர். மொத்தம் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றிருக்கிறான். பாலகுருவுக்கும் அந்தச் சின்ன ஊரில்தான், பெட்ரோல் பங்க் கடை ஒன்றில் இரவு டூட்டி என்று ஊர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். எந்தக் கடை என்று மாமாவுக்குத் தெரியாது. பேசினால்தானே தெரியும்.

304இல் இருக்கும் விஜயபாஸ்கர் சார் இறங்கி வந்தார். கணக்கர்.

“பங்க்ல சுட்டது எத்தனை மணிக்குப்பா?”

“அங்கத்த டைம் அஞ்சு நாப்பதுன்னு போட்டிருக்கான் சார்” என்று பாயின் போனைப் பார்த்துச் சொன்னேன்.

“ரிங் ரெண்டு பத்து. எட்டு மணி நேரம் கழி. ஆறு பத்து! எல்லாம் முடிஞ்சு அரை மணி கழிச்சு ரிங் குடுத்திருக்கான். உன் தம்பி பத்திரம்யா. தினம் அமெரிக்காக்காரனோட மீட்டிங்ல உக்கார்றவன் சொல்றேன்.”

மாமா எல்லோருக்கும் கரக் சாயா, இந்த ஊர்க் கெட்டி டீ, வாங்கினார். எனக்கும் ஒன்று. குடித்துக்கொண்டே, சார் கணக்கில் எதையாவது பிடித்து மாட்டிவிடலாம் என்று போனில் அந்த ஊர் மணியைப் பார்த்தேன். எட்டு இல்லை, ஒன்பது மணி நேர வித்தியாசம். முந்தின நாள்தான் அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளியிருக்கிறார்கள். ஆக, ரிங் வந்தபோது அங்கே ஐந்து பத்து. சுடுவதற்கு அரை மணி முன்னால்.

மாமாவிடம் நூறு பொய் சொல்லியிருக்கிறேன். ஒன்றைக்கூட நம்பியதில்லை. இதைச் சொன்னதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “போடா பொய்க்காரப் பயலே” என்பார் என்று நின்றேன். இதை மட்டும் நம்பிவிட்டார்.

“நேத்து வரைக்கும் எட்டுதான்யா” என்றார் சார். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

பாலகுரு போன் அணைந்து கிடந்தது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்று பட்டனை அமுக்கிக் கொடுத்தேன். மாமா வாயைத் திறந்தார். பதினெட்டு விநாடி வெறும் மூச்சு. அதையே அனுப்பினேன். ஒரு டிக்கோடு நின்றது. செய்தியில் போட்டிருந்த உதவி எண்ணுக்கு அடித்தால் ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு என்று ஒரு மெஷின் பேசியது. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பாய் கடைச் சாமானை மாடி மாடியாகக் கொண்டு போய்க் கொடுக்கிறவன். அமுக்கி அமுக்கி, கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள். குடும்பத்துக்குத் தகவல் சொன்ன பிறகுதான் இறந்தவர்கள் பெயரை வெளியிடுவார்களாம்.

“குடும்பம்னா நான்தானடா? எனக்கு எவன் சொன்னான்?” மாமா என் சட்டையைப் பிடித்துவிட்டார். பிறகு விட்டார்.

அதற்குள் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குரல்: “நாத்தூர்! தண்ணி வரல!”

திட்டிக்கொண்டே மோட்டார் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மோட்டார் போட்டதும் அவர் போன் அடித்தது. தெரியாத அமெரிக்க எண், சாதாரண கால். கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். ஒரு ரிங். அது நிற்கட்டும் என்று காத்திருக்கிறார்! இரண்டு வருஷப் பழக்கம். இரண்டாவது ரிங். மூன்றாவது.

“மாமா, எடுங்க!”

எடுத்தார். மோட்டார் சத்தத்துக்காக ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணே.”

மாமா போனை இரண்டு கையாலும் பிடித்தார்.

“எங்கடா போய்த் தொலஞ்ச?”

“பால் வைக்கிற கூலர் ரூமுக்குள்ள ஒளிஞ்சுகிட்டேண்ணே. கூட வேலை பாத்தவரு செத்துட்டாரு. போலீஸ் வந்ததும் பின்கதவு வழியா ஓடிட்டேன். பேப்பர் இல்லைல்ல. போன் அங்கயே கெடக்கு. இது ரூம்காரன் போனு.”

“அடி பட்டுச்சா?”

“இல்லண்ணே. கூலர் குளுருதான் இன்னும் போகல.”

“கெளம்பி ஊருக்கு வா.”

“வந்தா மறுபடி உள்ள வர முடியாதுண்ணே.”

“எதுக்குடா மறுபடி?”

“முதலாளிக்கு இன்னொரு பங்க் இருக்கு. நாளைக்கு அங்க வரச் சொல்லியிருக்காரு.”

மாமா கத்த ஆரம்பித்தார். இரண்டு வருஷம் முன்னால் விட்ட இடத்திலிருந்து. அவனும் விடவில்லை. கால் மணி நேரம். மேலே தொட்டி நிறைந்து மாடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. மோட்டாரை நான்தான் நிறுத்தினேன்.

வாசலில் ஹஸ்னைன் பாயும் சாரும் முகம் வெளுத்து நின்றார்கள்.

“என்னாச்சு வேலு?”

“வர மாட்டானாம்யா! நாளைக்கு டூட்டி இருக்காம் அந்த நாயிக்கு!”

ஹஸ்னைன் பாய் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

“என்னத்த அல்ஹம்துலில்லாஹ்?” என்று மாமா அவர் மீதும் பாய்ந்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கார் கழுவப் போனார். சாரின் காரைத் தேய்த்த தேய்ப்பில் பெயிண்ட் போயிருக்கும்.